அத்திப்பள்ளி வரை வந்த கேலி

2016 செப்டம்பர் 12 பிற்பகலோடு பெங்களூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பேருந்துப் போக்குவரத்து நின்றுபோனது. எண் பலகை ‘டிஎன்’ என்று தொடங்கும் எந்த வண்டிக்கும் அன்று பெங்களூரில் பாதுகாப்பு இல்லை. கே.பி.என். பணிமனையில் நின்றிருந்த 40க்கும் மேற்பட்ட பேருந்துகள் அன்று மாலை தீக்கிரையாயின. நகரின் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. அடுத்து வந்த நாட்களில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் கர்நாடகப் பேருந்தில் அத்திப்பள்ளி வரை வந்து இறங்கினார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மாநில எல்லையைக் கால்நடையாகக் கடந்து ஜூஜூவாடி வழியே ஓசூருக்குள் வந்தார்கள்.

மூலம் காவிரி என்பதில் ஐயமில்லை. செப்டம்பர் 5இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு நொடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் தண்ணீர் திறக்கச் சொன்னது. 9இல் கர்நாடகம் முழு அடைப்பு நடத்தியது. 12இல் நீதிமன்றம் அளவை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் தேதி வரை திறக்க வேண்டும் என்றது. தண்ணீர்க் கோபம் 5ஆம் தேதியே வந்துவிட்டது. பேருந்துகள் எரிந்தது 12இல். நடுவில் போன ஒரு வாரத்தைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த வாரத்துக்குள் ஒரு கேலி இருக்கிறது.

முழு அடைப்பில் கன்னடத் திரையுலகமும் கலந்துகொண்டது. அந்த நடிகர்களைக் கிண்டல் செய்து பெங்களூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் இளைஞர் ஃபேஸ்புக்கில் மீம் போட்டார். சினிமா நடிகரை ஓட்டுவது நம் பிள்ளைகளுக்கு அன்றாட வேலை. அஜித் ரசிகரும் விஜய் ரசிகரும் ஒருவரையொருவர் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் சிலர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, சூழ்ந்து நின்று அறைந்து, மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அதைப் படம் பிடித்துப் பெருமையாக வெளியிட்டதும் அவர்களேதான். செப்டம்பர் 10க்குப் பிறகு அந்தக் காணொளி தமிழ்நாட்டுக் கைபேசிகளில் பரவியது. அடுத்து ராமேஸ்வரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியின் ஓட்டுநர் அறையப்பட்டார். அதுவும் படமாகி அந்தப் பக்கம் போனது. 12ஆம் தேதி அதிகாலையில் சென்னை மயிலாப்பூரில் கன்னடர் நடத்தும் உணவு விடுதி தாக்கப்பட்டது. அந்தச் செய்தி பெங்களூரை எட்டிய சில மணி நேரத்தில் லாரிகள் எரியத் தொடங்கின.

இந்தச் சங்கிலியில் மீமின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் மிகக் குறைவு என்பேன். அதைப் பார்த்துக் கொதித்தவர்களைவிட, அதற்காக ஒரு மாணவன் அடிவாங்கியதைப் பார்த்துக் கொதித்தவர்கள் பல மடங்கு அதிகம். நண்பர் வட்டத்தில் நாலு சிரிப்பு வாங்கிவிட்டு மறைந்திருக்க வேண்டிய பதிவு, அந்த அறையால் இரண்டு மாநிலங்களின் பிரச்சினையாக வளர்ந்தது. வம்பிழுப்பவனைத் தண்டிக்கப் போனவர்கள் அவன் கனவிலும் எண்ணாத பெருங்கூட்டத்தை அவனுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். ‘ட்ரோல்களுக்குத் தீனி போடாதே’ என்று இணைய உலகில் ஓர் அறிவுரை நெடுநாளாக உண்டு. அதை எப்போதும் சீண்டப்பட்டவருக்குத்தான் சொல்கிறோம். 2016இல் தீனி போட்டவர்கள் சீண்டப்பட்ட நடிகர்கள் அல்ல. அவர்கள் சார்பில் கை ஓங்கியவர்களும், அந்தக் கையைக் கைபேசியில் கண்டு அடுத்தவருக்கு அனுப்பியவர்களும்தான்.

இணையம் இல்லாத காலத்திலும் இது நடந்திருக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளியானதையொட்டி, பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக எல்லை கடந்து ஓடிவந்தார்கள். அப்போது யாரிடமும் கைபேசி இல்லை. ஆகவே வன்முறையை இணையம் பெற்றெடுத்தது என்று சொல்வது பொய்யாகிவிடும். ஆனால் 1991இல் ராமேஸ்வரத்தில் விழுந்த ஓர் அறை பெங்களூரில் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். 2016இல் ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்கான காரணமாக, ஆதாரத்தோடு, சில மணி நேரத்தில் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. பகை பழையது, இந்த வேகம் புதியது. ஒரு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டியது இந்த வேகத்தை எதிர்த்துத்தான்.

ஓசூர் வட்டாரத்துக்கு இது ஏன் மற்ற ஊர்களைவிட அதிகமாகப் பொருந்துகிறது? 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. பெங்களூர் 40 கிலோமீட்டர். காலையில் அங்கே வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த மேற்கு மூலையில் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வாழும் குடும்பங்கள் சாதாரணம். உருதும் உண்டு. இப்போது பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் இந்தியும் பிற மொழிகளும் சேர்ந்திருக்கின்றன. மதுரைக்காரருக்குத் ‘தமிழன் – கன்னடன்’ சண்டை ஒரு செய்தி. ஓசூர்க்காரருக்கு அது சம்பந்தி வீட்டுக்குப் போகும் சாலை, சரக்கு ஏற்றிய வண்டி, மாமியாரோடு பேசும் மொழி. கேலியை எழுதுகிறவர் எங்கோ இருக்கிறார். விலை கொடுப்பது எல்லையோரம்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைப் பக்கம் போனால் சானமாவு. அந்தப் பெயர் வெளியூர்களுக்குத் தெரிவது யானைகளால். பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக வரும் கூட்டங்கள் ராகி விளையும் பருவத்தில் சானமாவுக் காட்டில் தங்குகின்றன. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44ஐத் தாண்டிச் சூளகிரி, பேரிகை பக்கம் போவதும் உண்டு. போடூர்பள்ளம், ஆழியாளம், பீர்ஜேப்பள்ளி, கோபசந்திரம் போன்ற ஊர்களின் விவசாயிகளுக்குக் கூட்டம் இன்று எங்கே நிற்கிறது என்ற செய்தி உயிர்ச் செய்தி. வனத்துறையின் எச்சரிக்கையை நம்பித்தான் இரவில் வயலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். வேடிக்கைக்காக ஒருவர் பழைய காணொளியை எடுத்து ‘இப்போது ஊருக்குள் யானை’ என்று போட்டுவிட்டால் அன்றைய பீதியோடு அது முடியாது. மறுவாரம் வரும் உண்மையான எச்சரிக்கையையும் நாலு பேர் நம்ப மாட்டார்கள். நம்பகமான செய்திக்குப் பழக்கப்பட்ட இந்த ஊர்களுக்குப் பொய்ச் செய்தியின் கேட்டை யாரும் வகுப்பெடுத்து விளக்க வேண்டியதில்லை.

யானை ஊரருகே வந்துவிட்டால் வனப் பணியாளர்கள் முதலில் மல்லுக்கட்டுவது யானையோடு அல்ல. வேடிக்கை பார்க்கத் திரண்டு, கூச்சலிட்டு, கைபேசியைத் தூக்கிக்கொண்டு நெருங்கும் கூட்டத்தோடுதான். மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டம் விலகிக் காட்டுக்கு வழி கிடைத்தால் பெரும்பாலும் அது தானே போய்விடும். வம்புப் பதிவைக் கையாளுவதிலும் வேலையின் பெரும்பகுதி கூட்டத்தை விலக்குவதுதான் என்பது என் வாதம்.

ஆனால் எல்லா வம்பும் ஒன்றல்ல. குறைந்தது மூன்று விதமான ஆட்களை நாம் ஒரே வசவில் அடைக்கிறோம். அவர்களைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

முதல் ஆள் 2016இன் மாணவரைப் போன்றவர், சிரிப்புக்காகச் சீண்டுகிறவர். இரண்டாவது ஆள் பயந்தவர். தனக்கு வந்த மிரட்டலை உண்மை என்று நம்பி, தன் மக்களைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பரப்புகிறவர். 2012 ஆகஸ்டில் பெங்களூரில் பார்த்தது இதைத்தான். அசாமின் கோக்ரஜார் பகுதி வன்முறைக்குப் பிறகு, ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப்போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. ஆகஸ்ட் 15 இரவிலிருந்து பெங்களூர் ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. சில நாட்களில் ஏறத்தாழ 30,000 பேர் நகரைவிட்டுப் போனதாகக் கணக்கிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் செய்தியை ஆளுக்குப் பத்துப் பேருக்காவது அனுப்பிவிட்டுத்தான் ரயிலேறியிருப்பார்கள். அண்ணன் தம்பியை எச்சரிப்பதில் என்ன தப்பு? அவர்களைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது ஆள் பொய்யென்று தெரிந்தே லாபத்துக்காகத் தயாரிக்கிறவர். பார்வையாளர் எண்ணிக்கை, கட்சி ஆதாயம், வெறுப்பு என்று லாபம் பல வகை. 2023 பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாடு இந்த ஆளை நேருக்கு நேர் சந்தித்தது. இந்தி பேசியதற்காகப் பிகார்த் தொழிலாளர்கள் 12 பேர் தமிழ்நாட்டில் தூக்கில் தொங்கவிடப்பட்டார்கள் என்று உத்தரப் பிரதேச பாஜகவைச் சேர்ந்த வழக்கறிஞர் பிரசாந்த் உம்ராவின் ட்விட்டர் கணக்கில் பதிவு வந்தது. வேறு மாநிலத்தில் நடந்த கொலைக் காட்சி, திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களே மோதிக்கொண்ட காட்சி, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட காட்சி எல்லாம் ‘தமிழர்கள் இந்திக்காரர்களைக் கொல்கிறார்கள்’ என்ற தலைப்போடு சுற்றின. கட்டுப்போட்ட இரண்டு பேர் அழும் இன்னொரு காணொளி பாட்னாவிலேயே நடித்து எடுக்கப்பட்டது என்று பிகார்க் காவல்துறை தெரிவித்தது. அதைப் பரப்பிய யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் 18இல் சரணடைந்து, பின்னர் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அந்த வாரங்கள் ஹோலிப் பண்டிகைக் காலம். ஆண்டுதோறும் வழக்கமாக ஊர் போகும் தொழிலாளர்களின் கூட்டம் ரயில் நிலையங்களில் இருந்தது. அந்தக் கூட்டத்தையே படம்பிடித்து ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று காட்ட முடிந்தது. பொய்க்கு உண்மை ஒத்தாசை செய்த இடம் அது. திருப்பூருக்கும் கோவைக்கும் நேர்ந்த கவலை ஓசூருக்கும் நேர்ந்ததுதான். இங்குள்ள கட்டுமானத் தளங்களும் சிறு உதிரிபாகப் பட்டறைகளும் அவர்கள் இல்லாவிட்டால் ஓடாது. ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டு போன் செய்தால், கண்ணெதிரே எந்தச் சண்டையும் இல்லை என்று தெரிந்தாலும் பையன் பெட்டியைக் கட்டத்தான் செய்வான்.

இந்த மூன்று பேருக்கும் ஒரே மருந்து கொடுக்கும்போதுதான் கோளாறு வருகிறது. சிரிப்புக்காகச் சீண்டியவரை அறைந்தால் கலவரம். பயந்தவரைக் கைது செய்தால் பயம் உறுதிப்படுகிறது. தயாரிப்பவரைக் ‘கண்டுகொள்ளாமல் விடு’ என்றால் அவர் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார்.

இதில் சீண்டுகிறவரைப் பற்றி ஆய்வுலகம் நிறையப் பார்த்திருக்கிறது. கனடாவில் பக்கெல்ஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் துன்பத்தில் மகிழும் குணத்துக்கும் இணைய வம்புக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகக் கண்டது. அப்படியானால் அவர்கள் தனிப் பிறவிகள், களையெடுத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். 2017இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்களின் சோதனை அந்த நினைப்பைக் கலைத்தது. சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, சிலருக்குக் கடினமான தேர்வு வைத்து மனநிலையைக் கெடுத்தார்கள். பிறகு ஒரு கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். சிலருக்கு முன்னால் ஏற்கெனவே வம்புக் கருத்துகள் இருந்தன. சிலருக்கு நல்ல கருத்துகள். நல்ல மனநிலையும் நல்ல சூழலும் வாய்த்தவர்களிடம் வம்புக் கருத்து 35 விழுக்காடு. இரண்டும் கெட்ட நிலையில் 68 விழுக்காடு. வம்பு குணத்தில் மட்டும் இல்லை. முன்னால் போனவர் விட்டுச் சென்ற வாடையிலும் இருக்கிறது. சம்பளம் வராத மாதத்தில், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கமில்லாமல், ஏற்கெனவே நாலு வசவு விழுந்திருக்கும் குழுவைத் திறக்கும் நல்ல மனிதரும் ஐந்தாவது வசவைப் போடக்கூடும்.

அதே ஆய்வாளர்களில் சிலர் 2014இல் கண்ட இன்னொரு முடிவு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பலரும் எதிர்த்து வாக்களித்துத் தாழ்த்திய ஆட்கள் திருந்துவதில்லை. முன்பைவிட அடிக்கடி, முன்பைவிட மட்டமாக எழுதுகிறார்கள். நூறு பேர் சேர்ந்து ஒருவரைத் திட்டுவது நமக்கு நீதியாகத் தெரிகிறது. அவருக்கு அது நூறு பேரின் கவனம். குழுவில் ஒருவர் வம்பாகப் பேசியதும் வரிசையாக எழுந்து அறிவுரை சொல்லும் நம் வழக்கம், நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கு.

திட்டாமல் என்ன செய்வது? முன்கூட்டியே விதி எழுதி வைப்பது பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ரெட்டிட் தளத்தின் பெரிய அறிவியல் குழுவில் நேதன் மத்தியாஸ் நடத்திய சோதனை 2019இல் வெளியானது. ஒவ்வொரு விவாதத்துக்கு மேலும் குழுவின் விதிகளைத் தெரியும்படி ஒட்டினார்கள். புதிதாக வந்தவர்கள் விதியை மீறாமல் எழுதுவது 8 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. விதி மக்களை விரட்டிவிடும் என்ற அச்சத்துக்கு மாறாக, புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. ஒதுங்கி நின்ற சாதுவான ஆட்கள் வாய் திறந்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வம்பர்களால் ஒரு குழு இழப்பது அமைதியை மட்டுமல்ல. பேசாமல் போய்விட்டவர்களையும் அது இழக்கிறது. நம் குழுக்களில் அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

வேகத்துக்குக் கடிவாளம் போடுவது இரண்டாவது வழி. 2012இல் மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளை 15 நாள் தடுத்தது. ஒரு நாளைக்கு ஒருவர் ஐந்து குறுஞ்செய்திதான் அனுப்பலாம் என்றது. சில நாளில் அதை இருபதாக்கியது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறவரையும் வதந்தி பரப்புகிறவரையும் ஒரே தட்டில் வைத்த முரட்டு ஏற்பாடு அது. 2018இல் வந்தது கொஞ்சம் நுட்பமானது. ஆனால் அதற்கு முன் உயிர்கள் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே 9இல், கிருஷ்ணகிரிக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில் குலதெய்வக் கோவிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் தாக்கப்பட்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் 23இல் பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் ராஜஸ்தான் இளைஞர் ஒருவர் அதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ஜூலை 1இல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே மூச்சில் அனுப்ப முடியாதபடி செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனம் கூறியது. அது நிறுவனத்தின் கணக்கு என்பதை நினைவில் வைத்தாலும், திசை சரியானது. யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை. கை சற்றுத் தயங்கும்படி செய்தது, அவ்வளவே.

பயந்தவருக்கு இவை எதுவும் போதாது. அவருக்கு வேண்டியது அவர் நம்பும் குரலில், அவர் மொழியில் சொல்லப்படும் உண்மை. 2023இல் தமிழ்நாடு இதைப் பெருமளவு சரியாகச் செய்தது என்பது என் கணிப்பு. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மார்ச் தொடக்கத்திலேயே காணொளியில் தோன்றி, எந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது என்று பிட்டுப் பிட்டு வைத்தார். ‘வதந்திகளை நம்பாதீர்’ என்ற பொதுப் புத்திமதியைவிட அது பல மடங்கு வலிமையானது. மாவட்டங்களில் இந்தியில் பேசும் உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. அதிகாரிகள் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கே போனார்கள். முதல்வர் ஸ்டாலின் பிகார் முதல்வர் நிதீஷ் குமாரோடு பேசினார். பிகார் அரசு அனுப்பிய நால்வர் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுத் திருப்தி தெரிவித்தது. பிகாரிலிருந்து வந்தவர்கள் பிகார்க்காரர்களிடம் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சொன்னது பெரிய காரியம். ஆல்ட் நியூஸ் போன்ற உண்மை அறியும் தளங்களும் காட்சிகளின் மூலத்தைத் தேடிக் காட்டின. பயந்து நின்றவர்களை யாரும் கேலி செய்யவில்லை, ‘முட்டாள்தனமாக நம்புகிறீர்களே’ என்று ஏசவில்லை. 2016இல் இரண்டு மாநில அரசுகளுக்கிடையே இப்படியொரு உரையாடல் செப்டம்பர் 10க்கும் 12க்கும் நடுவில் நடந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தயாரிப்பவருக்குச் சட்டம் வேண்டும், ஆனால் அளவோடு. உம்ராவை மன்னிப்புக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்னது சரியான அளவு. காஷ்யப்பைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தது அளவு மீறியது. அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நவம்பரில் ரத்து செய்தது. வழக்கமான குற்றப் பிரிவுகளே போதுமானவை. குழுக்களுக்கிடையே பகை மூட்டுவதற்கும், பொது அமைதி கெடும்படி பொய்ச் செய்தி பரப்புவதற்கும் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153ஏ, 505 இருந்தன. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 353 இருக்கின்றன. விசாரணை இல்லாமல் அடைப்பது பொய்யரைத் தியாகியாக்கும். இன்னொரு புறம், மனம் புண்பட்டது என்ற காரணத்துக்கே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. நடிகரைக் கேலி செய்யும் மாணவருக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கேடயம். அந்தக் கேடயம் அவருக்கு இருக்கத்தான் வேண்டும்.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு நியாயமான பயம் உண்டு: யாரோ போட்ட பதிவுக்கு நான் ஏன் காவல் நிலையம் போக வேண்டும்? நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் சொல்லிவிட்டன. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிய வழக்கில் நம் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் அதே நிலையை எடுத்தது. ஆனால் கைமாற்றியவருக்கு அந்தச் சலுகை இல்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், நான் எழுதவில்லை, பகிர்ந்தேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2023இல் அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அனுப்புகிற ஒவ்வொரு கையும் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. சமூகம் இன்னும் சொல்லவில்லை.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16இல் இறுதித் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் பங்கு 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. ஆனாலும் மழை குறைந்த ஆண்டுகளில் பிலிகுண்டுலு அளவீட்டுக் கணக்கு மீண்டும் தலைப்புச் செய்தியாகிறது. எல்லையில் மீண்டும் பதற்றம் வரும். கர்நாடகத்தில் வேலை பார்க்கும் தமிழரைப் பற்றியோ, இங்கே வேலை பார்க்கும் பிகாரியைப் பற்றியோ ஏதோ ஒரு காணொளி ஏதோ ஓர் இரவில் சானமாவுக் கைபேசிக்கும் சிப்காட் ஷிப்ட் குழுவுக்கும் வரத்தான் போகிறது. அந்த இரவில் உட்கார்ந்து விதி எழுத முடியாது.

ஆகவே ஓசூர், சூளகிரி, ராயக்கோட்டை வட்டாரத்தில் குழு நடத்தும் ஒவ்வொருவருக்கும், குடியிருப்போர் சங்கமானாலும் ஆலைத் தொழிலாளர் குழுவானாலும் பள்ளிப் பெற்றோர் குழுவானாலும், ஒரு வேண்டுகோள். அமைதியான இந்த நாட்களிலேயே நாலு வரி எழுதுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதுங்கள். குழுவில் வடமாநிலத்தவர் இருந்தால் இந்தியிலும். அடிக்கும் காட்சியை, அடிபடுகிறவர் யாராக இருந்தாலும், குழுவில் போடக் கூடாது என்பது முதல் வரியாக இருக்கட்டும். இடமும் தேதியும் சொல்ல முடியாத செய்தியைப் பகிரக் கூடாது என்பது இரண்டாவது. மீறியவரைச் சபையில் திட்டாமல் நிர்வாகி தனியே அழைத்துப் பேசுவார் என்பது மூன்றாவது. பதிவை எல்லோருடைய கைபேசியிலிருந்தும் நீக்கும் வசதியை 2022இலேயே வாட்ஸ்அப் நிர்வாகிகளுக்குக் கொடுத்துவிட்டது. அதைத் தயங்காமல் பயன்படுத்துவோம் என்பது நான்காவது. அத்திப்பள்ளியிலும் ஆனேக்கல்லிலும் இதே போன்ற குழு நடத்தும் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக் காணொளி வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் அவரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள்.